மறைத்து வைத்த நினைவகம்: வலையமைப்புத் தொடக்க ஏற்றியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனி ஒன்றிடம் அதன் நினைவகம் எவ்வளவு என வினவினால், அது தரும் விடை எப்பொழுதும் முழு உண்மையாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. பணிசெயல் முறைமை ஒன்று விழித்தெழும் வேளையில் இயந்திரத்திடம் முதன்முதற் கேட்கும் வினாக்களுள் இதுவும் ஒன்று. அதன் விடையை நம்பியே அது தனது வீட்டைக் கட்டத் தொடங்குகின்றது. ஆனால் அவ்வினாவுக்கு விடை கூறும் இடத்தில், இயந்திரத்தைச் செய்தவர்கள் எழுதிய செய்நிரல் மட்டுமன்றி, இடையில் வந்து அமர்ந்த வேறொரு செய்நிரலும் நின்று, உள்ளதிலுங் குறைத்தே விடை கூறுதல் உண்டு. அவ்வாறு கூறுவது எப்பொழுதுங் களவுக்காக அன்று; பல வேளைகளில் அது காவலுக்காகவே செய்யப்படுகின்றது.

வலையமைப்பின் வழியே கணனியைத் தொடக்கி வைக்கும் சிறு செய்நிரல், தான் குடியிருக்கும் நினைவகப் பகுதியைப் பணிசெயல் முறைமையின் கண்ணிற்படாது மறைக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு தேய்ந்து வருகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இயந்திர நுணுக்கம் பற்றியதாகத் தோன்றினும், உண்மையைச் சொல்ல இடமில்லாத ஓர் அமைப்பில் நேர்மையான செய்நிரல்களும் பொய் கூற வேண்டிய நிலை எவ்வாறு உருவாகின்றது என்ற பொதுவான வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

1. வலையமைப்பு வழித் தொடக்கம்

தட்டு எதுவும் இல்லாத கணனி, தனக்கு வேண்டிய பணிசெயல் முறைமையைத் தூரத்திலுள்ள சேவையகமொன்றிலிருந்து பெற்றுக்கொள்வதே வலையமைப்பு வழித் தொடக்கம் எனப்படும். தட்டுகள் விலையுயர்ந்தனவாக இருந்த காலத்தில் இம்முறைக்குப் பெருந் தேவை இருந்தது. பின்னர் தட்டுகள் மலிந்தபோதும், நூற்றுக்கணக்கான இயந்திரங்களை ஓரிடத்திலிருந்து பராமரிக்க வேண்டிய நிறுவனங்களுக்கு அத்தேவை குறைந்துவிடவில்லை.

இதற்கான விதிமுறைகள் 1980களில் உருவாயின. கோப்புகளை மிக எளிய முறையிற் கடத்தும் ரீ.எப்.ரீ.பி. விதிமுறையை விளக்கும் ஆவணத்தை, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த கரென் சொலின்ஸ் 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியிட்டார். தட்டில்லாப் பணிநிலையம் ஒன்று தன் முகவரியைத் தானே கேட்டறியும் முறை 1984ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தினரால் வகுக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டு செப்டெம்பரில் பில் குறொவ்ற், ஜோன் கில்மோர் ஆகிய இருவரும் பூட்பி எனும் விதிமுறையை வெளியிட்டனர். முகவரியையும், ஏற்ற வேண்டிய கோப்பின் பெயரையும் ஒரே விடையிற் பெற இது வழிவகுத்தது. 1993ஆம் ஆண்டில் வந்த டி.எச்.சி.பி. இதன் வழித்தோன்றலே.

இவ்விதிமுறைகளை நிறைவேற்றுவதற்குக் கணனியின் உள்ளே ஒரு செய்நிரல் இருத்தல் வேண்டும். அதனையே இங்கு வலையமைப்புத் தொடக்க ஏற்றி என்கிறோம். வலையமைப்பு அட்டையிற் பொருத்தப்பட்ட, வாசிப்பு மட்டும் நினைவகத்தில் அது உறையும். ஆனால் அவ்விடம் மிகச் சிறியது. அங்கு எழுதவும் முடியாது. எனவே வேலை செய்யுங்கால் அது கணனியின் பொது நினைவகத்துக்கு இறங்கி வந்து, அங்கே தன்னை விரித்து வைத்துக்கொள்ள வேண்டியதாகின்றது. சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. விருந்தினராக வந்த ஏற்றியும், வீட்டுக்கு உரிமையாளராக வரப்போகும் பணிசெயல் முறைமையும் ஒரே நிலத்திலே சிறிது காலம் சேர்ந்து வாழ வேண்டும்.

2. ஒற்றை எண்ணின் காலம்

1981ஆம் ஆண்டு ஓகஸ்ற் 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணனியை அறிமுகஞ் செய்தது. அதில் அமைந்த இன்ரெல் 8088 முறைவழியாக்கி 10,48,576 பைற்றுகளை மாத்திரமே முகவரியிட வல்லது. அவற்றுள் முதல் 640 கிலோபைற்றுகள் பொது நினைவகத்துக்கும், எஞ்சிய 384 கிலோபைற்றுகள் திரை, அட்டைகள், பயோஸ் ஆகியவற்றுக்குமாக ஒதுக்கப்பட்டன.

கணனியை இயக்கியதும் பயோஸ் நினைவகத்தைச் சோதித்து, கிடைத்த அளவைக் கிலோபைற்றுக் கணக்கில் ஓர் எண்ணாக எழுதி வைக்கும். நினைவகத்தின் 1,043ஆம் முகவரியே அதன் இருப்பிடம். பதினறும எண் முறையில் அது 413 ஆகும். நினைவகம் எவ்வளவு என்று எந்தச் செய்நிரலும் 12ஆம் இலக்கக் குறுக்கீட்டின் மூலம் கேட்கலாம். அந்த எண்ணே விடையாகத் திருப்பித் தரப்படும். (குறுக்கீடுகளின் இலக்கங்களை இக்கட்டுரை பதினறும எண் முறையிலேயே குறிக்கின்றது.)

இவ்வமைப்பின் இரு இயல்புகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, அந்த எண் எழுதப்பட்ட இடம் எவரும் மாற்றக்கூடிய சாதாரண நினைவகமே. இரண்டாவது, குறுக்கீடுகள் எங்கு செல்ல வேண்டும் எனக் காட்டும் 256 பதிவுகளைக் கொண்ட அட்டவணையும் நினைவகத்தின் முதல் 1,024 பைற்றுகளில், அதேபோற் காவலின்றி இருந்தது. ஆகவே நினைவகத்தின் உச்சியில் இடம்பிடிக்க விரும்பும் செய்நிரலுக்கு வழி மிக எளிது. 640 என இருந்த எண்ணை 620 எனக் குறைத்து எழுதிவிட்டு, உச்சியிலுள்ள 20 கிலோபைற்றில் அது குடியேறிவிடலாம். அடுத்து வரும் பணிசெயல் முறைமை 620 என்ற எண்ணை நம்பி, அதற்கு மேல் நிலமே இல்லை எனக் கருதும்.

இவ்வழியை உற்பத்தியாளர்களே பின்பற்றினர். ஐ.பி.எம். நிறுவனம் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட பி.எஸ்./2 வரிசைக் கணனிகளில், பயோஸ் தனது மேலதிகத் தரவுக்காக உச்சியிலிருந்து ஒரு கிலோபைற்றை எடுத்துக்கொண்டது. எனவே 640 என்பது 639 ஆயிற்று. மறைத்தல் என்பது இவ்வாறு இயந்திரத்தின் இயல்பான வழக்காறாகவே வேரூன்றியது எனலாம்.

3. அதே வழியில் வந்த கள்வர்

காவலற்ற வாயிலினூடாகக் காவலாளியும் நுழையலாம், கள்வனும் நுழையலாம். 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் அல்வி சகோதரர் இருவர் எழுதிய பிரெயின் என்னும் நச்சுநிரல், நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியிலிருந்து கொண்டு, பணிசெயல் முறைமைக்கு முன்னரே நினைவகத்துட் புகுந்தது. உச்சியிற் குடியேறி அளவைக் குறைத்து எழுதும் மேற்கூறிய முறையையே அது கையாண்டது. 1987ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலே தோன்றிய ஸ்ரோன்ட் என்ற நச்சுநிரலும் இவ்வாறே இரண்டு கிலோபைற்றுகளை மறைத்தது.

அக்காலத்திற் கணனியைப் பராமரித்தோர் இதனைக் கண்டுபிடித்த முறை சுவையானது. டொஸ் முறைமையின் தட்டுச் சோதனைக் கட்டளை, இறுதியில் நினைவகத்தின் மொத்த அளவையும் காட்டும். 6,55,360 எனக் காட்ட வேண்டிய இடத்தில் 6,53,312 எனக் காட்டினால், 2,048 பைற்றுகளை எவரோ மறைத்துள்ளனர் என்பது தெளிவு. காணாமற்போன அந்தச் சிறு தொகையே கள்வனின் காலடிச் சுவடாயிற்று.

நச்சுநிரல் செய்ததும் வலையமைப்பு ஏற்றி செய்ததும் செயல்முறையில் ஒன்றே. இரண்டும் ஒரே எண்ணைக் குறைத்தன. இரண்டும் குறுக்கீட்டு அட்டவணையை மாற்றின. நோக்கத்தைப் பதிவு செய்வதற்கு அவ்வமைப்பில் இடம் இருக்கவில்லை. இன்ன செய்நிரல் இன்ன காரணத்துக்காக இவ்விடத்தில் இருக்கின்றது என எழுதி வைக்க ஒற்றை எண்ணால் இயலாது. அதனால் நல்லோனும் தீயோனும் வெளித்தோற்றத்தில் ஒருவராகவே நின்றனர்.

4. எண்ணிலிருந்து வரைபடத்துக்கு

1984ஆம் ஆண்டில் வந்த ஐ.பி.எம். ஏ.ரீ. கணனி, 80286 முறைவழியாக்கியுடன் ஒரு மெகாபைற்றைத் தாண்டிய நினைவகத்தைக் கொணர்ந்தது. அதன் அளவைக் கூற 15ஆம் இலக்கக் குறுக்கீட்டில் 88 என்ற சேவை சேர்க்கப்பட்டது. இதுவும் ஒற்றை எண்ணே. ஆனால் இவ்வெண் நினைவகத்தில் எழுதி வைக்கப்பட்டதன்று. கேட்கும்போது விடையாகத் தரப்படுவது. ஆகவே மறைக்க விரும்பிய செய்நிரல், வினாவையே இடைமறித்துக் குறைந்த எண்ணைத் தானே கூற வேண்டியதாயிற்று. மேல் நினைவகத்தைப் பயன்படுத்திய டொஸ் காலச் செய்நிரல்கள் பல இம்முறையை வெளிப்படையாகவே கையாண்டன.

88 என்ற சேவையின் விடை 64 மெகாபைற்றுக்கு மேற் செல்ல இயலாதது. நினைவகம் பெருகியபோது, 16 மெகாபைற்றுக்குக் கீழுள்ளதையும் மேலுள்ளதையும் இரு கூறாகச் சொல்லும் ஈ801 என்ற சேவை வந்தது. அதனைத் தொடர்ந்து 1990களில் ஈ820 என்ற சேவை தோன்றியது. 1996ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியான ஏ.சி.பி.ஐ. விவரக்கூற்றிலும் இது இடம்பெற்றது.

ஈ820 தருவது எண் அன்று, வரைபடம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது ஒரு துண்டின் தொடக்கம், நீளம், வகை என்பவற்றை 20 பைற்றுகளிற் கூறும். அடுத்த துண்டைக் கேட்பதற்கான அடையாளம் ஒன்றையும் தரும். ஒரு துண்டு பயன்படுத்தத்தக்கதா, ஒதுக்கப்பட்டதா என்பதை வகை எண் காட்டும். காணியின் மொத்தப் பரப்பை மட்டுங் கூறுவதற்கும், எல்லை எல்லையாகத் தோம்பு எழுதி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எனினும் தோம்பை எழுதும் உரிமை பயோசுக்கு மாத்திரமே இருந்தது. பின்னர் வந்து சேரும் ஏற்றி, தனக்கென ஒரு துண்டைப் பதிவு செய்யும்படி பயோசிடம் முறையாக வேண்டிக்கொள்ள வழியில்லை. ஆகவே தோம்பை வாசித்துக் காட்டுபவனை இடைமறித்து, வாசிப்பை மாற்றுவதொன்றே அதற்கு எஞ்சியது.

5. ஏற்றி தன்னை மறைத்த விதம்

1990களின் பிற்பகுதியில் இன்ரெல் நிறுவனம் பி.எக்ஸ்.ஈ. என்ற பொதுமுறையை வகுத்தது. அதன் 2.1ஆம் பதிப்பு 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதியைக் கொண்டது. இம்முறைப்படி அட்டையின் ஏற்றி 640 கிலோபைற்று எல்லைக்குக் கீழே உச்சியில் தங்கி, 413ஆம் முகவரியிலுள்ள எண்ணைக் குறைத்துக்கொள்ளும். அது வலையமைப்பிலிருந்து பெற்ற செய்நிரல் 31,744ஆம் முகவரியில் ஏற்றப்பட்டு, மேற்கொண்டு கோப்புகளைப் பெற ஏற்றியையே அழைக்கும். ஆகவே ஏற்றி இறந்துவிடலாகாது. அதன் இருப்பிடத்தின் மேல் வேறெதுவும் எழுதப்படலாகாது.

அட்டை உற்பத்தியாளரின் மூடிய செய்நிரல்களுக்கு மாற்றாக, ஈதர்பூட் என்ற திறந்தமூலச் செய்நிரல் 1990களின் நடுப்பகுதியில் தோன்றி வளர்ந்தது. அது பின்னர் ஜீபி.எக்ஸ்.ஈ. எனப் பெயர் பெற்றது. அதிலிருந்து 2010ஆம் ஆண்டிற் பிரிந்ததே மைக்கேல் பிறவுன் முன்னின்று வளர்த்த ஐபி.எக்ஸ்.ஈ. ஆகும். இச்செய்நிரல் உருவில் வளர்ந்தபோது 640 கிலோபைற்றுக்குள் முழுவதும் அடங்கவில்லை. ஒரு மெகாபைற்று எல்லையில் அமரலாம் என்றால், லினக்ஸ் கரு வந்து அமரும் இடமும் அதுவே. எனவே அது ஒரு சிறு பகுதியை மாத்திரம் கீழே விட்டுவிட்டு, பெரும்பகுதியை 4 கிகாபைற்று எல்லைக்குக் கீழ் இயன்றவரை உயரத்துக்கு நகர்த்திக்கொண்டது.

நகர்ந்தபின் அவ்விடத்தை மறைக்க வேண்டும். ஏற்றி 15ஆம் இலக்கக் குறுக்கீட்டின் பதிவைத் தன்பக்கந் திருப்பிக்கொள்ளும். ஈ820 என வினா வந்தால், முதலில் உண்மையான பயோசிடங் கேட்டு விடையைப் பெறும். அத்துண்டிலே தனது இருப்பிடம் அடங்கியிருந்தால், அதனை வெட்டிச் சுருக்கித் தரும். இருப்பிடம் துண்டின் நடுவில் இருந்தாலோ ஒரு துண்டை இரண்டாக்கி, முதற்பகுதியை இப்போதும் மறுபகுதியை அடுத்த வினாவுக்கும் கூற வேண்டும். அதற்கேற்பத் தொடர் அடையாளத்தையும் பேணிக்கொள்ள வேண்டும். அத்துடன் ஈ801, 88 ஆகிய பழைய வினாக்களின் விடைகளும் இதற்கு இசைவாக மாற்றப்பட வேண்டும். பழைய வினாவை நம்பும் முறைமைக்கு ஒரு கணக்கும், புதிய வினாவை நம்பும் முறைமைக்கு வேறொரு கணக்குங் கிடைக்குமாயின், மறைத்ததன் பயன் கெட்டுவிடும். பொய்யுரைப்போன் எல்லோரிடமும் ஒரே பொய்யைக் கூற வேண்டும் என்ற பழைய உண்மை இங்கும் பொருந்துகின்றது.

இம்மறைப்பின் இன்றியமையாமை, தட்டையே வலையமைப்பில் வைக்கும் முறை வந்தபோது முழுமையாகப் புலப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் விதிமுறையாக வெளியான ஐஸ்கசி, தொலைவிலுள்ள சேவையகத்தின் தட்டைக் கணனியின் சொந்தத் தட்டுப் போலத் தோன்றச் செய்வது. ஏற்றி 13ஆம் இலக்கத் தட்டுக் குறுக்கீட்டையும் கைப்பற்றி, வாசிக்குமாறு கேட்கப்பட்ட ஒவ்வொரு துண்டையும் வலையமைப்பிலிருந்து கொணர்ந்து கொடுக்கும். விண்டோஸ் முறைமையை ஏற்றும் செய்நிரல், தன் கருவையும் இயக்கிகளையும் நினைவகத்துக்குக் கொண்டுவருவது இக்குறுக்கீட்டின் மூலமே. ஏற்றியின் இருப்பிடம் மறைக்கப்படாதிருந்தால் என்ன நிகழும்? ஏற்றி கொணர்ந்து கொடுத்த துண்டையே, விண்டோசின் செய்நிரல் வெற்றிடம் எனக் கருதிய ஏற்றியின் தலைமேல் எழுதிவிடும். அடுத்த துண்டைக் கேட்கும்போது விடை கூற எவரும் இரார். கணனி காரணந் தெரியாமல் உறைந்து நிற்கும். தனக்கு உணவூட்டும் கையைத் தானே வெட்டியதை அம்முறைமை அறியவும் மாட்டாது. மறைத்தல் இங்கே ஏற்றியைக் காப்பதோடு, மறைக்கப்படுபவனாகிய பணிசெயல் முறைமையையுங் காக்கின்றது என்பது நோக்கற்பாலது.

6. திருப்பிக் கொடுத்தல்

மறைப்பது எளிது, மறைத்ததைத் தக்க வேளையில் திருப்பிக் கொடுப்பதே அரிது. லினக்ஸ் கருவை முழுவதும் நினைவகத்துக்கு ஏற்றி முடித்தபின் ஏற்றிக்கு வேலை இல்லை. அப்போது அது அட்டையை நிறுத்தி, குறுக்கீட்டுப் பதிவுகளை முன்னிருந்தபடி மாற்றி, நினைவகத்தை விட்டுச் செல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பின்னர் வந்த வேறொரு செய்நிரலும் அதே குறுக்கீட்டைக் கைப்பற்றியிருந்தால், இடையிலுள்ளது தன்னை அகற்றிக்கொள்ள இயலாது. அகற்றினால் சங்கிலி அறுந்துவிடும்.

ஐபி.எக்ஸ்.ஈ. செய்நிரலில் இதற்கென ஒரு நெறி உண்டு. தன்னால் வேறு ஏதேனும் குறுக்கீடு இன்னும் பற்றப்பட்டிருக்குமாயின், 15ஆம் இலக்கக் குறுக்கீட்டை அது விடுவதில்லை. தட்டுச் சேவை தொடருமட்டும் அதன் நினைவகம் காக்கப்பட வேண்டும் என்பதே காரணம். அதாவது, பொறுப்பு முடியும்வரை மறைப்பு நீடிக்கும். பொறுப்பு முடிந்தபின் நீடிக்கலாகாது. எச். பீற்றர் அன்வின் எழுதிய பி.எக்ஸ்.லினக்ஸ் என்னும் செய்நிரலும், புறப்படுமுன் கீழ் நினைவகம் உண்மையில் விடுவிக்கப்பட்டதா எனச் சோதித்து, இல்லையேல் பிழைச் செய்தி ஒன்றைக் காட்டுவதாக அமைக்கப்பட்டது. இச்சோதனை, உற்பத்தியாளரின் ஏற்றிகள் யாவும் சொன்னபடி வெளியேறும் என்ற நம்பிக்கை அக்காலத்தோருக்கு இருக்கவில்லை என்பதைக் காட்டுகின்றது. நச்சுநிரலுக்கும் ஏற்றிக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டை இங்கேதான் காண்கிறோம். முன்னையது வெளியேறுவதற்காக வந்ததன்று. பின்னையது வெளியேறும் வழியைத் தன்னுள்ளேயே எழுதி வைத்துக்கொண்டு வருவது.

7. உண்மை கூற இடங் கிடைத்தபோது

பயோசின் இடத்தை இன்று யூ.ஈ.எப்.ஐ. பெற்றுள்ளது. இன்ரெல் நிறுவனம் முதலில் வகுத்த இம்முறையை 2005ஆம் ஆண்டிலிருந்து பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றம் ஒன்று பேணி வருகின்றது. பழைய பயோஸ் ஆதரவை 2020ஆம் ஆண்டளவில் தனது தளங்களிலிருந்து நீக்கப்போவதாக இன்ரெல் 2017ஆம் ஆண்டில் அறிவித்தது.

புதிய முறையில் ஏற்றி எதையும் மறைக்க வேண்டியதில்லை. நினைவகம் வேண்டுமெனில் அது முறைப்படி கேட்கும். கொடுக்கப்பட்ட பகுதி, தொடக்க காலத்துக்கு மட்டும் உரியதா, பின்னரும் நிலைத்திருப்பதா என்ற வகைக் குறிப்போடு வரைபடத்தில் எழுதப்படும். தொடக்கச் சேவைகள் முடிந்தன எனப் பணிசெயல் முறைமை அறிவிக்கும் ஒரு குறித்த கணமும் உண்டு. அக்கணத்தின் பின் தற்காலிகக் குடிகளின் நிலம் முறைமைக்கு உரியதாகும். குறுக்கீடு, இடைமறிப்பு, திரிக்கப்பட்ட விடை ஆகியவற்றுக்கு இங்கு தேவையில்லை.

ஆயினும் எழுதி வைத்த உறுதி மட்டும் போதுமானதன்று என்பதை வரலாறு விரைவிலேயே உணர்த்தியது. சில இயந்திரங்களின் நிலைச்செய்நிரல், தொடக்கச் சேவைகள் முடிந்த பின்னரும் தாம் விட்டுக்கொடுத்ததாகக் கூறிய நினைவகத்தைத் தொட்டது. அதனால் 2011ஆம் ஆண்டில் லினக்ஸ் கரு, அப்பகுதிகளைச் சிறிது நேரம் பயன்படுத்தாது விட்டுவைக்கும்படி மாற்றப்பட்டது. அப்பிளின் சில மக் கணனிகளிலோ, தொடக்கத்தின்போது இயக்கப்பட்ட புறொட்கொம் கம்பியில்லா வலையமைப்பு அட்டை நிறுத்தப்படாமலே விடப்பட்டது. அது காற்றில் வந்த செய்திப் பொதிகளை, இப்போது முறைமைக்குச் சொந்தமான நினைவகத்தில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தது. அந்த அட்டையை ஆரம்பத்திலேயே மீளமைக்கும் திருத்தம் 2016ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவிற் சேர்க்கப்பட்டது. முன்னைய ஏற்றி, நிலம் இல்லை எனப் பொய் கூறி எவருக்குந் தீங்கின்றி வாழ்ந்தது. இங்கோ, நிலம் உம்முடையதே என உண்மைபோற் கூறிவிட்டு உள்ளே ஒருவனை விட்டுச் சென்றனர். இரண்டினுள் தீங்கு விளைத்தது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முடிவுரை

413ஆம் முகவரியிலிருந்த ஒற்றை எண்ணில் தொடங்கி, துண்டு துண்டாகக் கூறும் வரைபடத்தினூடாக, ஒவ்வொரு குடிக்கும் வகையும் காலமும் குறிக்கும் ஒழுங்குவரை இவ்வரலாறு வளர்ந்துள்ளது. வலையமைப்பு ஏற்றி பொய் கூறியது அதன் இயல்பினால் அன்று. தன் இருப்பை அறிவிக்க அவ்வமைப்பில் ஓர் ஏடு இல்லாமையாலேயே. உண்மையைப் பதிய இடமில்லாத அமைப்பு, நேர்மையான குடியையும் கள்வனையும் ஒரே முறையில் ஒளிந்துகொள்ள வைக்கும். அதன்பின் இருவரையும் வேறு பிரித்தறிதல் அரிதாகும்.

ஏட்டை உருவாக்கியதோடு சிக்கல் தீர்ந்துவிடவுமில்லை. எழுதியபடி நடந்துகொள்ளும் ஒழுக்கமும் வேண்டும். மறைத்த காலத்தில் நல்ல ஏற்றியை நல்லதாக்கியவை மூன்று: வேண்டிய அளவையே எடுத்தமை, கேட்ட எல்லோருக்கும் இசைவான ஒரே கணக்கைக் கூறியமை, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தமை. மறைக்கத் தேவையற்ற இக்காலத்திலும் அம்மூன்றும் மாறவில்லை. கணனியை இயக்கியதும் திரையில் முதல் எழுத்துத் தோன்றுமுன் கழியும் அச்சில வினாடிகளில், பெயர் தெரியாத ஒரு சிறு செய்நிரல் தன் கடமையைச் செய்து, தான் இருந்த சுவடே இன்றி விலகிச் செல்கின்றது. அது விலகிச் சென்றது என்பதை நாம் உணராதிருத்தலே, அது தன் கடமையைச் செவ்வனே முடித்தமைக்குச் சான்றாகும்.